பூநாரை வியூவுக்கு மாதத் தவணை 2,600 ரூபாய்

நெருல், சீவுட்ஸ், உல்வே பக்கம் வீடு தேடிக்கொண்டிருக்கும் நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், கோபப்படலாம். வருடக் கணக்கு முடிப்பு முடிந்து ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சண்டை போட நேரம் இருக்கிறது :-)

போன வாரம் நம்மூர்ப் பையன் ஒருவர் ஒரு புதுக் குடியிருப்பின் விலைப்பட்டியலை என் மேஜையில் வைத்து, "அண்ணே, லோன் எவ்வளவு வரும்னு பாருங்க" என்றார். வழக்கமான வரிகள்தான். கார் பார்க்கிங், கிளப் ஹவுஸ், மாடி ஏற ஏற ஒரு ரேட். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: "ஃபிளமிங்கோ வியூ". சதுர அடிக்கு 300 ரூபாய் கூடுதல். ஃப்ளாட் ஆயிரம் சதுர அடி, ஆக மூன்று லட்சம். எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம் என்று போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் மாதம் 2,600 ரூபாய் தவணை. கடன் முடியும்போது அதற்காக மட்டும் ஆறே கால் லட்சம் கட்டியிருப்பார்.

பி.காம். படித்தவனுக்கு உடனே ஒரு கேள்வி வரும். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் பொருள் என்ன? ஒப்பந்தத்தில் குளியலறை ஓட்டின் அளவுகூட இருக்கிறது. பூநாரை வராவிட்டால் என்ன என்பது எங்கேயும் இல்லை. அது வருவதற்கு விற்பவர் என்ன செய்கிறார் என்பதும் இல்லை. இல்லாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. பறவையைப் படமாகப் போட்டு வீட்டை விற்கும் இந்த ஊரில், அந்தப் பறவை நிற்கும் இடத்துக்கு அலைநீர் வரும் வழிதான் முதலில் அடைபடுகிறது. நாம் பால்கனிக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். உப்பளமும் சேறும் எங்களுக்கு அன்றாடம். கோடியக்கரைக்கு வரும் பூநாரையைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், இங்கே மாற்றலாகி வந்தபோது தாணே கழிமுகத்தில் ஒரே இடத்தில் அத்தனை பூநாரைகளைப் பார்த்து வாயைப் பிளந்தேன். சில வருடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் வருகின்றன. பெரும்பாலும் சிறிய பூநாரை, அதாவது நல்ல ரோஸ் நிறம். கூடவே வெளிறிய, உயரமான பெரிய பூநாரை. குட்ச் ரண் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, நவம்பர் வாக்கில் இங்கே வந்து, மழைக்கு முன்னால் கிளம்பிவிடும்.

இவை ஒரு நாளை எப்படிக் கழிக்கின்றன என்பதைச் சொல்லாமல் என் கோபம் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வற்றும்போது கழிமுகத்தின் இரண்டு கரையிலும் சேறு வெளியே வரும். அதில் நின்று அலகைத் தலைகீழாக வைத்து, நாக்கைப் பம்பு மாதிரி அடித்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். சிறியது நீலப்பச்சைப் பாசியையும் அதுபோன்ற நுண்ணுயிர்களையும் தின்னும். பெரியது புழு, சின்ன இறால், சிப்பி என்று போகும். அந்த ரோஸ் நிறமே தின்னும் தீனியிலிருந்து வருவதுதான். சேறு செத்தால் நிறமும் போகும்.

சரி, தண்ணீர் ஏறிய பிறகு? சேறு முழுகிவிடும், நிற்க இடம் இருக்காது. ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. அப்போது மொத்தக் கூட்டமும் எழும்பி, கரைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத ஏரிகளுக்கு வரும். நெருல் டி.பி.எஸ். ஏரி, என்.ஆர்.ஐ. காலனிப் பக்கம், டி.எஸ். சாணக்யா பக்கம் எல்லாம் இப்படி அவை ஒதுங்கி நிற்கும் இடங்கள். கழிமுகம் சாப்பாட்டு மேசை என்றால் இவை திண்ணை. நீங்கள் சாயங்காலம் பால்கனியிலிருந்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பறவையைத்தான்.

திண்ணைக்கும் மேசைக்கும் நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால். சில இடத்தில் வெறும் குழாய். ஏற்றத்தில் கடல்நீர் அதன் வழியாக ஏரிக்குள் வந்து, வற்றத்தில் திரும்பப் போகிறது. இந்தப் போக்குவரத்து நின்றால் தண்ணீர் தேங்கும், பாசி கெட்டுப்போய் மேலே படரும், ஏரி காயும். 2024 ஏப்ரலில் டி.பி.எஸ். ஏரியில் நடந்தது அதுதான். நீர் வரும் வழி அடைபட்டிருந்தது. பூநாரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து விழுந்தன. அதற்குச் சில வாரம் முன்னால் நெருல் படகுத்துறை அருகே ஒரு பெரிய அறிவிப்புப் பலகையில் மோதிச் சில பறவைகள் செத்தன. பலகையைப் பிறகு எடுத்துவிட்டார்கள். மே 20 ராத்திரி, துபாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த விமானம் காட்கோபருக்கு மேலே ஒரு கூட்டத்துக்குள் போய், 39 பூநாரைகள் துண்டு துண்டாகக் குடியிருப்புகளின் நடுவே விழுந்தன. விமானம் நல்லபடியாக இறங்கியது. இத்தனையும் ஒரே சீஸனில். ஊருக்குப் பெயர் 'ஃபிளமிங்கோ சிட்டி'. பாம் பீச் ரோடு பக்கம் சிலை வைத்திருக்கிறார்கள். சிலைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை பாருங்கள், வசதி.

"அடைப்பு என்பது அலட்சியம்தானே, இதில் என்ன சதி?" என்று கேட்பீர்கள். சதி என்று நான் சொல்லவில்லை. ஆதாயம் யாருக்கு என்று கேட்பது என் தொழில். கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி, அலையாத்திக் காடும் உயிர்ப்புள்ள சேற்றுநிலமும் உச்சப் பாதுகாப்பு வகையில் வரும். அங்கே கட்டிடம் கிடையாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு எதன்மேல் நிற்கிறது? அலை வந்து போகிறது என்பதன்மேல். அலை வருவதை நிறுத்துங்கள். ரெண்டு வருஷத்தில் சேறு வெடிக்கும், நாலு வருஷத்தில் கருவேலம் முளைக்கும். ஐந்தாம் வருஷம் யாராவது வந்து, "இங்கே ஈரநிலமே இல்லையே, சும்மா கிடக்கும் மனைதானே" என்று சான்றிதழ் கேட்பார்கள். லாரி மண் கொட்டி நிரப்பினால் ஊர் பார்க்கும், போட்டோ எடுக்கும். ஒரு குழாயை அடைத்தால் யாருக்கும் தெரியாது. நில மதிப்பு மட்டும் பல மடங்கு மாறும்.

வங்கியில் நாங்கள் என்ன பார்க்கிறோம் தெரியுமா? பத்திரம் சரியா, மதிப்பீட்டாளர் அறிக்கை சரியா, ரேரா எண் இருக்கிறதா, வாங்குபவருக்குச் சம்பளம் வருகிறதா. ஏரிக்கு நீர் வருகிறதா என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மதிப்பீட்டாளர் 'ஏரிக் காட்சி' என்று எழுதி விலையை ஏற்றிக் காட்டுவார். ஏரி காய்ந்தால் இறக்கிக் காட்டுவாரா என்று ஒருவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "சார், அப்போ அங்கே இன்னொரு டவர் வந்திருக்கும்" என்றார்.

2025 ஏப்ரலில் மாநில வனவிலங்கு வாரியம் டி.பி.எஸ். ஏரியைப் பாதுகாப்பு ஒதுக்கிடமாக்க ஒப்புதல் தந்தது. சுமார் 30 ஏக்கர். ரொம்ப நல்ல விஷயம், அதற்காக வெயிலில் மனிதச் சங்கிலி நின்ற சீவுட்ஸ்வாசிகளுக்குக் கும்பிடு. அதில் முக்கால்வாசிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், நடக்கப் போகும் மாமிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். நம் சங்கங்களின் பேனரை நான் அங்கே பார்க்கவில்லை. பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஹால் நிரம்புகிறது. பேச்சாளரை ஊரிலிருந்து விமானத்தில் வரவழைக்கிறோம். ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஏரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வர முடியவில்லை. "நமக்கு எதுக்குங்க வம்பு, நாம வந்த இடத்துல" என்பார்கள். இருபது வருஷத் தவணை கட்டுகிறவன் வந்த இடத்து ஆளா, சொந்த இடத்து ஆளா?

நான் எதிர்பார்க்கும் எதிர்வாதங்கள் மூன்று. பின்னூட்டத்தில் வரும் முன்பே பேசிவிடுகிறேன்.

முதலாவது, கொசுவும் நாற்றமும். தங்கமணியே இந்தக் கட்சிதான். "உங்க சேத்துக்கு வக்காலத்து வாங்கறீங்க, ராத்திரி கதவைத் திறக்க முடியலை" என்கிறாள். அலை வந்து போகும் தண்ணீரில் கொசு சுலபமாகப் பெருகாது, தேங்கிய தண்ணீரில்தான் பெருகும். வாய்க்கால் அடைபட்ட பிறகுதான் அந்த ஏரி நாறியது. நாறுகிறது என்பதையே காரணமாகக் காட்டி அதை மூடச் சொல்வது, பட்டினி போட்டுவிட்டு 'இவன் சோம்பேறி' என்று வேலையை விட்டு நீக்குவது மாதிரி.

இன்னொன்று, "சாக்கடை கலப்பதால்தான் பூநாரை வருகிறது, அதைப் போய்ப் புனிதம் என்கிறீர்களே". இதில் பாதி உண்மை இருக்கிறது. பம்பாயும் தாணேயும் கொட்டும் கழிவின் சத்தில்தான் பாசி பெருகுகிறது, 1990களிலிருந்து சிவ்ரியில் கூட்டம் பெருகியதற்கு அதுவும் காரணம் என்கிறார்கள். ஆனால் உரம் அதிகமானால் பயிர் கருகும் என்று எந்த விவசாயியும் சொல்வார். அத்தோடு, அந்தச் சேற்றுக்கு வருவது பூநாரை மட்டுமா? கருவால் மூக்கன், பவளக்காலி, கோட்டான், கைக்குள் அடங்கும் கொசு உள்ளான் என்று மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் தாண்டி வரும் பழுப்பு நிறப் பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கே கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நீள அலகு, சேற்றின் ஒவ்வொரு ஆழத்திலும் ஒவ்வொருவருக்குத் தீனி. ரெண்டு லட்ச ரூபாய் லென்ஸ் தூக்கிவரும் நம் ஞாயிற்றுக்கிழமைப் பறவை அன்பர்கள் ரோஸ் நிறம் இல்லாத எதையும் ஃபோகஸ் செய்வதில்லை. விளம்பரப் படமும் அவர்கள் படமும் ஒன்றுபோல இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நடுவே ஒன்று. கம்பெனிக்காரர்கள் பனியன் மாட்டிக்கொண்டு வந்து சேற்றில் அலையாத்திக் கன்று நடுகிறார்களே, அதற்கும் கை தட்டாதீர்கள். அலையாத்தி நல்ல மரம், முத்துப்பேட்டைக்காரர்களைக் கேளுங்கள். ஆனால் திறந்த சேறு திறந்த சேறாகவே இருந்தால்தான் இந்தப் பறவைகளுக்குச் சாப்பாடு. தாணே கழிமுகத்தில் மண் படிந்து படிந்து அலையாத்தி தானாகவே சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதில் நாம் வேறு போய் நட வேண்டுமா? பச்சையாக இல்லாத இடமெல்லாம் தரிசு என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

மூன்றாவது எதிர்வாதம்தான் பெரியது. "மனுஷனுக்கே இடமில்லை, பறவைக்கு ஏரியா?"

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது ஃப்ளாட்டுக்குக் கடன் கேட்டு வருகிறவர்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 2005 ஜூலை 26-ஐ இங்கே இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கடலில் ஏற்றம். மிட்டி ஆற்றங்கரையையும் சதுப்பையும் தூர்த்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் போக இடமில்லாமல் வீட்டுக்குள் வந்தது. அப்போது யார் வீட்டுக்குள் முதலில் வந்தது? தாராவி, குர்லா, கலீனா. நம்மவர்கள் எத்தனை பேர் ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் நனைந்து நின்றார்கள். அந்த வருஷம் அக்டோபரில்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அலையாத்தியை அழிக்கத் தடை போட்டது. 2018 செப்டம்பரில் அதை உறுதி செய்து, அலையாத்தியை அழிப்பது குடிமக்களின் வாழும் உரிமையைப் பறிப்பது என்றது. பறவையின் உரிமை என்று சொல்லவில்லை. குடிமக்களின் உரிமை.

இப்போது பாருங்கள். 2024 செப்டம்பரில் மாநில அமைச்சரவை, தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பக்கத்து உப்பளங்களில் 255.9 ஏக்கர் கொடுக்க ஒப்புக்கொண்டது. தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படுகிறவர்களுக்கு அங்கே வாடகை வீடு. அதில் திருநெல்வேலிக்காரர்களும் இருப்பார்கள், உங்கள் சித்தப்பா மகனும் இருக்கலாம். உப்பளம் என்றால் என்ன என்று வேதாரண்யத்துக்காரன் சொல்கிறேன், கேளுங்கள். கடல்நீர் தானாகப் பாய்ந்து நிற்கும் அளவுக்குத் தாழ்ந்திருந்தால்தான் அது உப்பளம். கிழக்குப் புறநகர்களில் பெய்யும் மழை கழிமுகத்துக்குள் வடியும் முன் தேங்கி நிற்கும் தட்டு அது. ஏற்ற நேரத்தில் உள்ளானும் மூக்கனும் ஒதுங்கும் இடமும் அதுவே. நகரத்தின் நடுவில் இருக்கும் தங்கமான நிலம் சந்தைக்கு, ஏழைக்குத் தண்ணீர் தேங்கும் தட்டு. இதை எதிர்த்தால் "ஏழைக்கு வீடு கொடுப்பதைப் பறவைப் பிரியர்கள் தடுக்கிறார்கள்" என்கிறார்கள். என் பதில் இதுதான்: தாராவிக்காரனுக்குத் தாராவியில் வீடு கொடுங்கள். எழுபது எண்பது வருஷமாக அந்தச் சதுப்பை மேடாக்கித் தோல் பதனிட்டு, முறுக்கு சுற்றி, அதைத் தங்கமாக்கியது அவன்தான். அவனை அடுத்த சதுப்புக்கு அனுப்பி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

"எல்லாம் சரி, நம்ம ஊர்ல என்ன வாழுது" என்று கேட்பீர்கள். வாழவில்லைதான். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்த பள்ளிக்கரணையில் மிச்சம் ஒரு சிறு பகுதிதான். அதிலும் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பை மலை. 2022-இல் பள்ளிக்கரணையும் தாணே கழிமுகமும் ஒரே வருஷத்தில் ராம்சார் பட்டியலில் ஏறின. 2015 டிசம்பரில் வேளச்சேரி மாடியிலிருந்து ஹெலிகாப்டருக்குக் கை காட்டியவர்களில் என் ஒன்றுவிட்ட அக்காவும் ஒருத்தி. அந்த ஃப்ளாட்டை வாங்கும்போதும் 'லேக் வியூ' என்றுதான் சொன்னார்களாம். ஏரி வீட்டுக்குள்ளேயே வந்து காட்சி கொடுத்தது.

வீடே வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சொன்னால் என் வேலை போய்விடும். பால்கனியில் நின்று "வாவ்" சொல்லும் முன் விற்பனைப் பையனிடம் நாலு கேள்வி கேளுங்கள். இந்த ஏரிக்கு அலைநீர் எந்த வழியாக வருகிறது, வாயைக் காட்டு. அதைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு? மாநகராட்சியின் வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் இந்த நீர்நிலைக்கு என்ன நிறம் அடித்திருக்கிறது, நீர்நிலையா, குடியிருப்பா? கடலோர மண்டல வரைபடத்தில் இந்த மனை எங்கே விழுகிறது? முழிப்பான். அப்போது அந்த 300 ரூபாய் வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அடித்துவிடுவான், எனக்குத் தெரியும். வரைவுத் திட்டம் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மராத்தி வராது என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் கொடுத்தாலும் முத்திரை குத்தி நகல் தருவார்கள். நம்மில் பாதிப் பேர் அலுவலகத்தில் ஆயுசு பூரா குறிப்பாணை எழுதிக் கிழித்தவர்கள்தானே.

கடைசியாக, பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. ஆப் எல்லாம் வேண்டாம், ஊரிலிருந்து வரும் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமி அன்று இங்கே ஏற்றம் உச்சிக்கு வருவது ஏறக்குறைய நண்பகலில். வற்றம் காலை, மாலை ஆறு மணி வாக்கில். தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போய், அஷ்டமிக்கு அப்படியே தலைகீழாகிவிடும். ஆகவே நெருல் ஏரிக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பதினொன்றரை, பன்னிரண்டுக்குப் போங்கள், பறவை இருந்தால் அப்போது அங்கேதான் நிற்கும். சிவ்ரி படகுத்துறைக்கு அஷ்டமியை ஒட்டிய நாளில் மூன்று மணிக்குப் போங்கள். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் நடை. ஏறி வரும் தண்ணீர் பறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது அங்கிருந்துதான் கிளம்புகிறது. தூண்களைத் தாண்டிப் பாருங்கள். நெருலில் ஏரியைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது கரையோரமாக ஒரு சுற்று நடந்து, நீர் வரும் வாயைத் தேடிப் பிடித்து, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள். தேதியும் நேரமும் போட்டு ஒரு படமும் அனுப்பினால் நல்லது, சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.